நத்தைப் பாலத்தில் இரண்டு துவாய்கள்

கேட்டி, டெக்சாஸ்
8 ஜூன் 2025

அன்பான தம்பி துவாரகனுக்கு,

நீயும் ரூபிகாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் முதுகு நோ எப்படி இருக்கிறது? இங்கே நானும் மகள் அனன்யாவும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் எங்களைப் பற்றிக் கேட்காதே.

இந்தக் காலத்தில் அக்கா ஏன் பேனா பிடிக்கிறாள் என்று யோசிப்பாய். உன் அத்தான் ஆபீஸ் கார் பார்க்கில் மாரடைத்து விழுந்த செய்தி பெப்ரவரியில் போனில்தான் வந்தது. அன்றிலிருந்து போன் மணி அடித்தால் எடுக்கப் பயமாக இருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன். நீ கடிதம் எழுது.

விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய சாம்பல் இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. அலுமாரியில், அவருடைய சேர்ட்டுகளுக்கு மேல் தட்டில். முப்பத்தோராம் நாள் காரியத்தோடு கடலில் கரைத்திருக்க வேண்டும். நான்தான் விடவில்லை. பக்கத்து வீட்டுச் செல்வமணி ஆன்டி சனிக்கிழமை தோறும் சாப்பாடு கொண்டுவருகிற சாட்டில் வந்து, "பிள்ளை, இன்னும் கரைக்கேல்லையே? அந்த மனுசன் போகவும் ஏலாமல் இருக்கவும் ஏலாமல் தவிக்கும்" என்கிறார். அவருடைய கத்தரிக்காய்க் குழம்பு நன்றாக இருக்கும் என்பதால் பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே எல்லோரும் இதற்குக் கால்வெஸ்டன் கடற்கரைக்குத்தான் போகிறார்கள். அந்தத் தண்ணீரைப் பார்த்திருக்கிறாய்தானே, பால் குறைந்த தேத்தண்ணி மாதிரி. அதில் இவரைப் போட எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. கரைத்த பிறகு திரும்பிப் பார்க்காமல் நடந்து வர வேண்டுமாம். பார்த்தால் போகிறவருக்குப் போக மனம் வராது என்கிறார் ஐயர். உன் அத்தான் வேலைக்குப் போகும்போதெல்லாம் கார் வளைவில் மறையும்வரை வாசலில் நின்று பார்த்தவள் நான். கடைசிப் பயணத்துக்கு மட்டும் முதுகைக் காட்டவா?

போன வருடம் நீ உங்கள் ஊர்க் கடற்கரைப் படங்கள் அனுப்பினாய். அவர் அதை டிவியில் பெரிதாகப் போட்டுப் பார்த்துவிட்டு, "ஒருக்கா இதில நீந்த வேணும் நிருஜா" என்றார். நீ அங்கே ஒரு நாள் போய் நன்றாகப் பார்த்து எழுது. உண்மையாக எழுது. எனக்குப் பிடித்தால் அவரை அங்கே கொண்டு வருகிறேன்.

ரூபிகாவுக்கு என் அன்பு.

உன் அக்கா,
நிருஜா

கோபன்ஹேகன்
26 ஜூன் 2025

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் எனக்குப் பள்ளிக்கூட ஞாபகம் வந்துவிட்டது. அதே சரிந்த எழுத்து, அதே அதட்டல். முதுகு நோ இருக்கிறது, நானும் இருக்கிறேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? அனன்யா எப்படி?

ஒரு பகிடி கேளுங்கள். இந்த நாட்டில் யாரும் கடிதம் எழுதுவதில்லை என்று தெருவில் இருந்த சிவப்புத் தபால் பெட்டிகளைப் பிடுங்கத் தொடங்கிவிட்டார்கள். வருட முடிவோடு தபால் இலாகா கடிதம் சுமப்பதையே நிறுத்துகிறதாம். சரியான நேரம் பார்த்துத்தான் என்னை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள்.

அமாகர் கடற்கரைக்கு நேற்றுக் காலை போனேன். வீட்டிலிருந்து ஓட்டுநர் இல்லாத மெட்ரோவில் நாலு தரிப்பு. இறங்கி நடந்தால் ஒரு சின்ன நீரோடை, அதற்கு மேலே பாலம், அந்தப் பக்கம் ஒரு நீளமான தீவு. இருபது வருடத்துக்கு முன் மண்ணைக் கொட்டிச் செய்த தீவு என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். வடக்கே புல் முளைத்த மணல் மேடுகள். தெற்கே அகலமான நடைபாதை, வெயிலுக்குச் சாய்ந்து இருக்கக் கொங்கிரீட் படிகள், உடுப்பு மாற்ற அறைகள். சக்கர நாற்காலி தண்ணீர்வரை போக ஒரு சரிவுப் பாதை. எல்லாவற்றையும் யோசித்துச் செய்திருக்கிறார்கள். ஒலிபெருக்கி இல்லை, கடலை விற்கிறவர் இல்லை. சனம் இருந்தும் சத்தம் இல்லை. குழந்தைகள்கூட மெதுவாகத்தான் அழுகின்றன. தண்ணீர் உங்கள் கால்வெஸ்டன் மாதிரி இல்லை, கழுத்தளவில் நின்று கால் விரல்களை எண்ணலாம். கடலுக்குள் காற்றாலைகள் வில் மாதிரி வளைந்து நிற்கின்றன. அதற்கு அப்பால் சுவீடன்.

தெற்குக் கோடியில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. கரையிலிருந்து கடலுக்குள் ஒரு மரப்பாலம் போய், அப்படியே உயர்ந்து வட்டமாகச் சுருண்டு நிற்கிறது. ஊர்ச்சனம் அதை நத்தை என்கிறது. சுருளின் உள்ளே காற்று வராது. சுவரோடு ஒட்டி, ஆட்கள் இருக்க நீளமான வாங்கு போட்டிருக்கிறார்கள். அதில் உடுப்பை வைத்துவிட்டு ஏணியால் இறங்கி நீந்தலாம்.

நான் போனபோது அங்கே ஒரே ஒருவர்தான் இருந்தார். எங்கள் நிறம். ஆரஞ்சுத் தொப்பி, அரைக்கைச் சேர்ட், கடலைப் பார்த்தபடி முதுகுதான் தெரிந்தது. வாங்கில், குளித்துவிட்டுத் துவட்ட இரண்டு துவாய்களைப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தார். காலுறைகளை ஒன்றுக்குள் ஒன்று சுருட்டி வலது சப்பாத்துக்குள் வைத்திருந்தார். நம் ஊர் ஆளாக இருக்கும், கதை கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். நான் இருந்த நேரம் முழுக்க மனுசன் தண்ணீரில் இறங்கவும் இல்லை, திரும்பவும் இல்லை. பெண்சாதிக்குக் காத்திருக்கிறாராக்கும்.

இடம் உங்களுக்குப் பிடிக்கும் அக்கா. வாருங்கள். ரூபிகா அறையை இப்போதே துடைக்கத் தொடங்கிவிட்டாள்.

என்றும் உங்கள் தம்பி,
துவாரகன்

கேட்டி
12 ஜூலை 2025

அன்பான தம்பி,

உன் கடிதம் சுகமாக வந்து சேர்ந்தது. முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. இங்கே வெயில் கொளுத்துகிறது, கார் ஸ்டியரிங்கில் கை வைக்க முடியவில்லை.

இடம் எனக்குப் பிடித்துவிட்டது. அந்த நத்தையைப் பற்றி நாலு தரம் வாசித்தேன். அனன்யாவின் ஸ்கூல் லீவைப் பார்த்து நவம்பர் கடைசியில் வரலாம் என்று நினைக்கிறேன்.

என் நாட்கள் எப்படிப் போகின்றன என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். விடிய எழும்பித் தேத்தண்ணியோடு எங்கள் சப்டிவிஷன் குடியிருப்பின் நீச்சல் குளத்துக்குப் போகிறேன், முன்பு இரண்டு பேரும் போன மாதிரியே. உனக்குத் தெரியும், எனக்கு நீந்தத் தெரியாது. நான் கரையில் இருந்து காலைத் தண்ணீரில் விடுவேன். நான் வந்து இருக்கும்வரை அவர் இறங்க மாட்டார். எண்ணெய்க் கம்பெனியில் கடலுக்குள் மேடை கட்டுகிற பெரிய எஞ்சினியர், பெண்சாதி பக்கத்தில் இல்லாமல் நாலடித் தண்ணீரில் இறங்கப் பயம். இப்போதும் அவருடைய துவாயையும் என்னுடையதையும் கதிரையில் பக்கத்தில் பக்கத்தில் விரிக்கிறேன். தண்ணீரில் கால் மட்டும் வைப்பதில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்துவிடுவேன். அனன்யா, "ஸ்டாப் இட், அம்மா. இட்ஸ் க்ரீப்பி" என்கிறாள். பதினாறு வயது, எல்லாம் தெரியும்.

ஒன்று கேட்க மறந்துபோனேன். அந்த மனுசனுடைய துவாய்கள் என்ன நிறம்? சும்மாதான் கேட்கிறேன்.

நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் அக்கா,
நிருஜா

கோபன்ஹேகன்
6 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்கு வேண்டுகிறேன்.

கடற்கரை விஷயமாக விசாரித்துப் பார்த்தேன். அவ்வளவு வசதியில்லை. கரையில் நின்று சாம்பலைப் போட விடமாட்டார்கள், அதற்கு அனுமதி எடுக்க வேண்டும், படகு பிடிக்க வேண்டும். ஆகஸ்ட் வந்தால் நுங்கு மாதிரி ஜெல்லிமீன் மிதக்கிறது. கடற்பாசி நாற்றமும் இருக்கிறது. நவம்பரில் இங்கே வெளிச்சமே இருக்காது.

கால்வெஸ்டனே நல்லது என்று எனக்குப் படுகிறது. நிறத்தில் என்ன இருக்கிறது? கடல் எல்லாம் ஒன்றுதானே.

அனன்யா சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

துவாரகன்

கேட்டி
21 ஆகஸ்ட் 2025

தம்பி துவாரகனுக்கு,

நலம். நீ நலமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஒரு கடிதத்தில் சொர்க்கம், அடுத்த கடிதத்தில் ஜெல்லிமீன். நீ சின்ன வயதில் பொய் சொன்னாலும் இப்படித்தான், மூச்சு விடாமல் நாலு காரணம் சொல்லுவாய். கேட்ட கேள்விக்கு மட்டும் பதிலைக் காணோம். துவாய் என்ன நிறம் என்று சொல்ல என்ன கஷ்டம்?

இங்கே ஒரு சண்டை. அவருடைய பழைய பழுப்புத் துவாயை, நான் இஸ்திரிப் பெட்டியால் மூலையைச் சுட்டுவிட்ட அதே துவாயை, அனன்யா எனக்குச் சொல்லாமல் குப்பை லொறியில் போட்டுவிட்டாள். போன திங்கட்கிழமை விடிய எழும்பிப் பார்க்கிறேன், காணவில்லை. வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, அவளுடைய ஸ்கூல் நீச்சல் டீம் துவாயைத் தூக்கிக்கொண்டு போய் விரித்தேன். மஞ்சள் நிறம், ஓரத்தில் நீலக் கோடு. அவருக்கு மஞ்சள் பிடிக்காது. என்ன செய்ய?

பிள்ளையை அப்படி ஏசியிருக்கக் கூடாது. மூன்று நாளாக அவள் என்னோடு கதைப்பதில்லை, வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. எனக்கு இந்த வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை தம்பி.

பதில் எழுது.

அக்கா

கோபன்ஹேகன்
22 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா,

எல்லோரும் நலமா? உங்களிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. அதற்குள் நானே எழுதுகிறேன். நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பது மனதை அரித்துக்கொண்டிருக்கிறது.

துவாய் என்ன நிறம் என்று கேட்டீர்கள். ஒன்று ரோஸ் நிறம். மற்றது பழுப்பு, வெள்ளைக் கரை, ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. பழுப்புத் துவாயை இந்தத் திங்கட்கிழமை காலையும் கண்டேன். செவ்வாய்க்கிழமை போனால் அதைக் காணவில்லை. அந்த இடத்தில் மஞ்சள் துவாய் ஒன்று, ஓரத்தில் நீலக் கோடு.

அந்த ஆள் தினமும் வருகிறார் அக்கா. வருகிறார் என்று சொல்வதும் பிழை. நான் எப்போது போனாலும் இருக்கிறார். மற்றவர்கள் உடுப்பை வைக்க வாங்கில் இடம் தேடி வந்து, அந்தத் துவாய்களுக்குக் கிட்ட வந்ததும் குளிர்ந்த மாதிரிக் கையைத் தேய்த்துக்கொண்டு தள்ளிப் போய்விடுகிறார்கள். ஒருவரும் அவரைப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

நீங்கள் அங்கே என்ன செய்கிறீர்கள்?

துவாரகன்

கேட்டி
6 செப்டம்பர் 2025

என் அன்பான தம்பிக்கு,

நீ நூறு வயது சுகமாக இருக்க வேண்டும். ரூபிகாவும் இருக்க வேண்டும்.

என் கடிதம் இதற்குள் உனக்குக் கிடைத்திருக்கும். இரண்டு கடிதமும் நடுக்கடலில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கின்றன. தேதியைப் பார்த்தாயா? எனக்குப் பயம் வரும் என்று நினைத்துத்தானே மறைத்தாய், விசரா. உன் கடிதத்தை வாசித்துவிட்டு நான் பெப்ரவரிக்குப் பிறகு முதல்தடவையாகச் சிரித்தேன். சமையலறையில் நின்று சத்தமாகச் சிரித்தேன். அனன்யா ஓடி வந்து பார்த்தாள்.

முதல் கடிதத்தில் காலுறையைப் பற்றி எழுதினாயே, அப்போதே எனக்குத் தெரியும். உலகத்தில் வேறு எந்த மனுசன் அப்படி வைப்பான்? அவர் தனக்குப் பிடித்த இடத்துக்குப் போய்விட்டார். நான் துவாய் விரிக்கிறபடியால் எனக்கு இடம் பிடித்துக்கொண்டு இருக்கிறார். அந்த ரோஸ் துவாய் என்னுடையது.

ஆகவே நான் வருகிறேன். சாம்பலைக் கொண்டுவர மாட்டேன், அது இனித் தேவையில்லை. அனுமதியும் வேண்டாம், படகும் வேண்டாம். அனன்யா இங்கே இருக்கட்டும், செல்வமணி ஆன்டி பார்த்துக்கொள்வார். நவம்பர் இருபத்தாறுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ஒரு வழிதான் போட்டேன். குளிருக்குக் கோட் வாங்கச் சொல்வாய். கடைக்குப் போய்ப் பார்த்தேன், விலையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வந்துவிட்டேன். எனக்கு அது தேவைப்படாது என்று தோன்றுகிறது.

நான் போய்ப் பக்கத்தில் இருந்தால் அவர் இறங்குவார். பிறகு நானும் இறங்குவேன். அவர் பிடித்துக்கொள்வார்.

மிகவும் சந்தோஷமாக இருக்கிறேன் தம்பி.

உன் அக்கா,
நிருஜா

கோபன்ஹேகன்
18 அக்டோபர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு இப்போது வேறு பிரார்த்தனை இல்லை. பதில் எழுதப் பிந்திவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். உங்கள் கடிதத்தை ரூபிகாவுக்குக் காட்டவில்லை. நான் குளிரில் நீந்தப் பழகுகிறேன் என்று நினைத்து அவள் எனக்கு நீந்தும் உடுப்பு வாங்கித் தந்திருக்கிறாள்.

எனக்குப் பயம். முதலில் அவரைக் கண்டு பயந்தேன். இப்போது உங்களை நினைத்துப் பயப்படுகிறேன். உங்களுக்கு நீந்தத் தெரியாது அக்கா. இங்கே ஏணியை விட்டால் ஆழம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்கள் தம்பி இல்லை. நேற்றுக் காலை ரோஸ் துவாய்க்குப் பக்கத்தில் போய் இருந்தேன். வாங்கு அந்த இடத்தில் ஐஸ் மாதிரி இருந்தது. நல்ல வெயில், நீலமான கடல், மேலே ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. "அத்தான்" என்றேன்.

திரும்பினார். முகம் அதே முகம்தான். பல் கிட்டியிருந்தது.

"துவா, நீயோ? அக்கா துவாய் விரிச்சு வச்சிருக்கிறா. வருவா. அவ வராமல் நான் எப்பிடி இறங்கிறது?"

"கனநாளா இருக்கிறியளோ அத்தான்?"

"தெரியேல்லை. ஒவ்வொரு நாளும் இறங்குவம் எண்டு எழும்புறன். துவாயைப் பாத்தால் திரும்ப இருந்திடுறன்." கைகளை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். பிறகு, "குளிருது துவா. சரியாக் குளிருது" என்றார்.

விழுந்த அன்றைக்குப் போட்டிருந்த அரைக்கை ஆபீஸ் சேர்ட்தான் அது. இங்கே காற்று தொடங்கிவிட்டது, எங்களுக்கே தொப்பி, கையுறை எல்லாம் வேண்டும். அவருடைய கைகள் முழங்கைவரை நீலமாக இருக்கின்றன. என் கோட்டைக் கழற்றிப் போர்த்தப் பார்த்தேன். அது அவருக்கு ஊடாக விழுந்து வாங்கில் கிடந்தது. நான் அழுதேன் அக்கா. அந்தப் பக்கமாகப் போன ஒரு டேனிஷ் மனுசி என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

உங்களைக் கூட்டி வா என்று அவர் சொல்லவில்லை. குளிர்கிறது என்று மட்டும்தான் சொன்னார். இனி உங்கள் இஷ்டம்.

உங்கள் தம்பி,
துவாரகன்

கேட்டி
3 நவம்பர் 2025

தம்பி,

சுகம் கேட்டதாக வைத்துக்கொள்.

அவருக்குக் குளிர் ஆகாது. இந்த டெக்சாஸ் வெயிலிலும் படம் பார்க்கப் போகும்போது ஸ்வெட்டர் கொண்டு போகிற ஆள். வீட்டு ஏசியை நான் குறைக்க அவர் கூட்ட, அந்தச் சண்டையிலேயே எங்கள் கலியாண வாழ்க்கை பாதி போனது. அவரை நான் ஒன்பது மாதமாக அரைக்கைச் சேர்ட்டோடு வெளியில் இருத்தி வைத்திருக்கிறேன். அன்பு என்று நினைத்துத்தான் விரித்தேன். வராத ஒருத்திக்காக இடம் பிடித்து இருத்தியிருக்கிறேன்.

நேற்று முழுக்க உன் கடிதத்தை வைத்துக்கொண்டு இருந்தேன். பின்னேரம் அனன்யா வந்து பக்கத்தில் இருந்தாள். இங்கிலீஷில் ஒன்றும் சொல்லவில்லை. "அம்மா, நீங்க போயிட்டா நான் யாரோட இருக்கிறது?" என்றாள். தமிழில் கேட்டாள் தம்பி. எத்தனை வருடத்துக்குப் பிறகு. அவளுக்கு ஒரு வழி டிக்கெட் விஷயம் எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.

டிக்கெட்டை ரத்துச் செய்துவிட்டேன். இருபத்தேழாம் தேதி, தாங்க்ஸ்கிவிங் விடுமுறை நாள் காலை, கடற்கரையில் சனம் இருக்காது, கால்வெஸ்டனுக்குப் போகிறோம். ஐயரிடம் சொல்லியாயிற்று. தண்ணீர் கலங்கல்தான். ஆனால் உங்கள் கடலைப் போல் இல்லை. கார்த்திகையிலும் கால் வைக்கலாம்.

எங்களுக்குக் காலை என்றால் உனக்குப் பின்னேரம். அந்த நேரம் நீ நத்தையில் போய் நில். நான் திரும்பிப் பார்க்கக் கூடாது. எனக்காக நீ பார்.

அக்கா

கேட்டி
28 நவம்பர் 2025

அன்பான தம்பிக்கு,

நீயும் ரூபிகாவும் நலம்தானே? நாங்கள் நலம். இந்தத் தடவை சும்மா எழுதவில்லை, உண்மையாகவே நலம்.

ஃப்ரீவேயில் ஒரு வாகனம் இல்லை. அனன்யாதான் டிரைவ் பண்ணினாள். நான் பெட்டியை மடியில் வைத்திருந்தேன். ஏசியை நிறுத்தச் சொன்னேன், அவள் ஏன் என்று கேட்கவில்லை.

கடல் நான் நினைத்ததை விடக் கலங்கலாக இருந்தது. முழங்கால்வரை இறங்கினேன். சுடுதண்ணீர் என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் மிதமாக, இதமாக இருந்தது. ஐயர் கரையில் நின்று மந்திரம் சொன்னார். நான் பெட்டியைத் திறந்தேன். அவ்வளவு மெல்லியதாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அலை வந்து வாங்கிக்கொண்டது. "போங்கோ" என்றேன்.

பிறகு திரும்பி நடந்தோம். அனன்யா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மணலில் பாதி தூரம்கூட வந்திருக்க மாட்டோம், பின்னால் ஒரு சத்தம் கேட்டது. அலைச் சத்தம் இல்லை. குளத்தில் அவர் இறங்குகிற சத்தம். ஒரு காலை விட்டு, மூச்சை இழுத்து, "ஹா" என்று சொல்லிக்கொண்டு தொப்பென்று இறங்குவாரே, அது. அனன்யாவின் கை இறுகியது.

"அம்மா, டிட் யூ ஹியர் தட்?"

"நட" என்றேன்.

"அப்பா மாதிரி..."

"ஓம். நட பிள்ளை."

என் கழுத்து வலித்தது தம்பி. அவ்வளவு பலமாக அதைப் பிடித்து வைத்திருந்தேன். கார் கதவைச் சாத்தும்வரை நான் திரும்பவில்லை.

காலையில் புறப்பட முன் குளத்தடியில் கடைசியாக ஒரு தரம் இரண்டு துவாயையும் விரித்துவிட்டுப் போயிருந்தேன். வந்து எடுக்கப் போனால் என்னுடையது காய்ந்து கிடந்தது. அவருக்கு விரித்த மஞ்சள் துவாய் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. இங்கே ஒரு துளி மழை இல்லை. முகத்தில் வைத்துப் பார்த்தேன். குளோரின் மணம் இல்லை, உப்பு மணந்தது. அதைத் தோய்க்கவில்லை. பிழிந்து, காயப்போட்டு, மடித்து அனன்யாவிடமே கொடுத்துவிட்டேன். இனி விரிக்க மாட்டேன்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. நீ சொல்லு, அவர் பார்த்தாரா?

உன் அக்கா,
நிருஜா

கோபன்ஹேகன்
14 டிசம்பர் 2025

அன்பும் மரியாதையும் உள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து ரூபிகாவும் நானும் அழுதோம். ஓம், அவளுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். முதுகு நோ குறைந்துவிட்டது. எங்கள் தெருவில் தபால் பெட்டி போய்விட்டது, இதைப் போட ஒரு கடைவரை நடக்க வேண்டும். இனிமேல் போனை லாச்சியிலிருந்து வெளியே எடுங்கள். எடுக்கும்போது முதல் அழைப்பு என்னுடையதாக இருக்கட்டும்.

அன்றைக்கு மூன்று மணிக்கெல்லாம் அங்கே போய்விட்டேன். இங்கே இப்போது அந்த நேரத்துக்கே வெளிச்சம் மங்கிவிடும். நத்தைக்குள் யாரும் இல்லை. அவர் மட்டும் வழக்கம்போல இருந்தார். நான் தள்ளி நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் யாரோ கூப்பிட்ட மாதிரி எழும்பினார். இந்தத் தடவை திரும்ப இருக்கவில்லை. மஞ்சள் துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஏணிக்குப் போனார். ஒரு காலைத் தண்ணீரில் விட்டார். ஏழு பாகைக் குளிர் நீர் அக்கா, நான் விரல் வைத்தால் எலும்பு வலிக்கும். அவர் முகம் மலர்ந்தது. "ஹா" என்றார், நீங்கள் எழுதிய அதே மாதிரி. உங்கள் கடிதம் வர முன்னமே நான் அதைக் கேட்டுவிட்டேன்.

திரும்பிப் பார்த்தாரா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை என்று எழுதினால் நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் உண்மையாக எழுது என்று சொன்னவர் நீங்கள்தான்.

பார்த்தார். ஏணியின் அடிப்படியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, என்னைக் கடந்து, மேற்கே உங்கள் பக்கம் பார்த்தார். கார் வளைவில் நீங்கள் பார்ப்பீர்களே, அப்படி. பிறகு வாங்கில் இருந்த ரோஸ் துவாயைக் காட்டினார்.

"அது அங்கேயே கிடக்கட்டும் துவா. அவவுக்குப் பிள்ளை இருக்கு, வேலை இருக்கு. அவசரப்பட வேண்டாம் எண்டு சொல்லு. ஆறுதலா வரட்டும்."

அதற்குப் பிறகு நீந்திப் போனார். நன்றாக நீந்தினார் அக்கா, ஒரு பயமும் இல்லாமல். காற்றாலைகள் வரை போவது எனக்குத் தெரிந்தது.

இன்று காலையும் போய்ப் பார்த்தேன். நல்ல காற்று. உங்கள் துவாய் மட்டும் அசையாமல் வாங்கில் விரித்தபடி கிடக்கிறது. தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். அனன்யாவை ஏசாதீர்கள்.

உங்கள் தம்பி,
துவாரகன்